ஒன்பது அங்குலச் செம்புக் கொம்பு: இங்கிலாந்தின் வேட்டைக் கொம்பு பற்றி ஒரு மதிப்புரை

இங்கிலாந்தில் குதிரையேறி, நாய்க்கூட்டத்தை முன்னே விட்டு, நரியைத் துரத்திச் செல்லும் வேட்டையின் படங்களைப் பார்ப்பவர்களுக்குச் சிவப்பு அங்கியும் வேலி தாண்டும் குதிரையும் வயலெங்கும் பரந்து ஓடும் நாய்களும்தாம் நினைவில் நிற்கும். அந்தக் கூட்டம் முழுவதையும் இயக்குகின்ற கருவி பெரும்பாலும் படத்தில் தெரிவதே இல்லை. நாய்களைத் தம் பொறுப்பில் வைத்து நடத்திச் செல்பவரை ஹன்ட்ஸ்மன் என்பார்கள். அவருடைய மார்பில், அங்கியின் மேற்பொத்தான்களுக்கு நடுவே செருகியிருக்கும் ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளமுள்ள செம்புக் குழாய்தான் அந்தக் கருவி.

அத்தகைய கொம்பு ஒன்றை லெஸ்டர்ஷயரில் குதிரைச் சேணங்கள் விற்கும் கடையில் வாங்கி, ஒரு குளிர்காலம் முழுவதும் ஊதிப் பழகிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இணையத்தில் கிடைக்கும் மலிவான கொம்பு ஒன்றையும் வாங்கினேன். நண்பர் ஒருவரின் வீட்டில் தலைமுறைகளாக இருந்துவரும் வெள்ளிக் கொம்பையும் கேட்டு வாங்கி ஊதிப் பார்த்தேன். சுவரில் மாட்டுவதற்குப் பளபளப்பான பொருள் ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு இந்த மதிப்புரை அதிகம் உதவாது. இரண்டு வயல்களுக்கு அப்பால், காற்றுக்கு எதிராக, மூக்கைத் தரையில் பதித்து ஓடும் நாய்க்கு இந்தக் கொம்பின் ஒலி கேட்குமா, கேட்டால் புரியுமா என்ற ஒரே அளவுகோலைத்தான் நான் கையாண்டிருக்கிறேன், ஏனெனில் இந்தக் கொம்பு அந்த வேலைக்காகவே உருவானது.

முதலில் பொருளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய செம்புத் தகட்டை உருட்டி, நீளவாக்கில் பற்றவைத்து, ஒரு முனை குறுகியும் மறுமுனை மெல்ல விரிந்தும் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். நான் வாங்கிய கொம்பின் நீளம் 23 சென்டிமீட்டர். குறுகிய முனையில் நிக்கல் கலவையாலான ஊதுவாய் பொருந்தியிருக்கிறது. விரிந்த முனையின் விளிம்பில் அதே உலோகத்தில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். கீழே விழுந்தாலும் கதவில் இடித்தாலும் முதலில் நசுங்குவது அந்த விளிம்புதான் என்பதால், பட்டை வெறும் அலங்காரம் அன்று. விரல் வைத்து மூட ஒரு துளைகூட இல்லை, வால்வு இல்லை, சீவாளி இல்லை. ஊதுபவரின் உதடுகள் அதிர்ந்தால் மட்டுமே ஒலி பிறக்கும். குழாய் இவ்வளவு குட்டையாக இருப்பதால் சுரம் மிக உயரத்தில் அமைகிறது. பயன்படுத்தத் தக்க சுரம் ஒன்றே ஒன்றுதான்.

இசைக்கருவி என்ற எதிர்பார்ப்புடன் வாங்குபவர்கள் இங்கே ஏமாற்றம் அடையக்கூடும். பிரான்சின் வேட்டைக் கொம்பு முற்றிலும் வேறு வகை: 4 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள குழாயை வளையமாகச் சுற்றியிருப்பார்கள், உதட்டின் இறுக்கத்தை மாற்றிப் பல சுரங்களை எழுப்பலாம், வேட்டையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மெட்டு உண்டு. பிரான்ஸ், பெல்ஜியம், லக்சம்பர்க், இத்தாலி ஆகிய நாடுகளின் கொம்பிசைக் கலையை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை எதையும் ஆங்கிலேயக் கொம்பு கோரவில்லை. முள்வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டிப் பாய்ந்து செல்லும் குதிரையின்மேல், ஒரு கையில் கடிவாளத்தையும் சாட்டையையும் பிடித்துக்கொண்டு, மறுகையால் எடுத்து ஊதிவிட்டு உடனே செருகிக்கொள்ளத் தக்க பொருள் வேண்டும் என்ற தேவையே இதன் அளவைத் தீர்மானித்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குவார்ன் வேட்டைக் கூட்டத்தின் தலைவராக இருந்த ஹியூகோ மெய்னெல் வேகமான நாய்களை வளர்த்தெடுத்தார். அதன் பிறகு வேட்டை முழுவதுமே விரைவோட்டமாக மாறிவிட்டது. அத்தகைய ஓட்டத்தில் தோளில் மாட்டும் பெரிய கொம்புக்கு இடமில்லை.

ஒரே சுரத்தை வைத்துக்கொண்டு என்னதான் சொல்லிவிட முடியும் என்ற கேள்வி நியாயமானது. நீளம், இடைவெளி, வேகம், நடுக்கம் ஆகிய நான்கையும் மாற்றி மாற்றி ஒரு முழு நாளின் செய்திகளையும் இந்தக் கொம்பு சொல்லிவிடுகிறது. கூடிய இடத்திலிருந்து புறப்படும்போது ஒரு குறுகிய ஒலி. நாய்களைப் புதர்க்காட்டுக்குள் அனுப்பித் தேடவிடும்போது, அவ்வப்போது ஒற்றை ஒலி. "நான் இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் போகிறேன்" என்று நாய்களுக்கும், வெளியே காத்திருக்கும் குதிரைக்காரர்களுக்கும் அது அறிவிக்கிறது. காட்டைவிட்டு நரி வெளியேறி ஓடத் தொடங்கிவிட்டால், நாக்கை விரைந்து அடித்து எழுப்பும் இரட்டை ஒலிகள் மூச்சு விடாமல் தொடரும். குதிரைக்காரர்கள் காலையிலிருந்து காத்திருப்பது இந்த ஒலிக்காகத்தான். அதைக் கேட்ட மாத்திரத்தில் பழகிய குதிரைகளே காதை நிமிர்த்தி நிலைகொள்ளாமல் தவிக்கத் தொடங்கிவிடும். நரி இறந்துவிட்டால் நீண்டு நடுங்கும் ஒலி. காட்டில் ஒன்றும் இல்லை என்றால் நாய்களை வெளியே அழைக்க, இழுத்து ஊதும் ஒலி. மாலையில் வீடு திரும்பும்போது ஊதுவது எல்லாவற்றிலும் நீளமானது. மெல்லத் தேய்ந்து முடிவது.

இவற்றில் மிகக் கடினமானது இரட்டை ஒலிதான். ஒரு கொம்பின் தரத்தைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே. ஊதுவாயின் குழிவு சரியாக இருந்தால், நாக்கு மேற்பல்லின் பின்புறத்தைத் தொட்டுத் தொட்டு விலகும் ஒவ்வொரு முறையும் ஒலி வெட்டியதுபோல் தொடங்கி வெட்டியதுபோல் முடியும். நான் வாங்கிய கொம்பில் இந்தத் தெளிவு இருக்கிறது. முதல் சில வாரங்களில் காற்று மட்டுமே வெளிவந்தாலும், உதடுகளை இறுக்கி அதிரவைக்கும் பழக்கம் வந்த பிறகு, சிறிதளவு மூச்சுக்கே கொம்பு பதில் சொல்கிறது. திறந்த வெளியில், காற்றில்லாத காலையில், கிராமத்துத் தேவாலயத்தின் அருகே நின்று ஊதியபோது பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் நின்றிருந்த நண்பருக்கு இரட்டை ஒலியின் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகக் கேட்டது. இந்தச் சோதனையில் தேறாத கொம்பை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

மலிவான கொம்பு தேறவில்லை. பார்வைக்கு அது என் கொம்பைவிடப் பளபளப்பாக இருந்தது. செம்பின்மேல் வார்னிஷ் பூசியிருந்தார்கள்; விரிந்த முனையும் சற்றே அகலமாக, கம்பீரமாக இருந்தது. ஊதுவாயோ குழிவே இல்லாத தட்டையான வளையம். அதற்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருந்ததால் காற்று கசிந்தது. ஒற்றை நீள ஒலியை எப்படியோ எழுப்பிவிடலாம், இரட்டை ஒலியோ குழறலாகவே வெளிவந்தது. விற்பவரின் இணையப் பக்கத்தில் இது வேட்டைக்கு ஏற்றது என்றே எழுதியிருந்தது. அப்படி எழுதுவது சரியில்லை. கொம்பு தரும் குறியொலி பிழையானால் நாய்கள் தவறான பக்கம் போகும். அந்தப் பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ இருக்கலாம். இணையத்தில் வாங்குவதென்றால் ஊதுவாயின் உட்புறத்தைக் காட்டும் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். கிண்ணம்போன்ற குழிவும், வழவழப்பான விளிம்பும், பற்றவைத்த இடத்தில் இடைவெளியின்மையும் தெரிந்தால் மட்டுமே பணத்தைச் செலுத்துங்கள்.

சீவாளி பொருத்திய கொம்புகளும் விற்பனையில் உண்டு. உதட்டால் அதிரவைக்கத் தெரியாதவர்களும் அவற்றை ஊதிவிடலாம் என்பதே அவற்றின் ஒரே சிறப்பு. ஒலி எப்போதும் ஒரே கனத்தில் வருவதால் நடுக்கமும் தேய்வும் கைகூடுவதில்லை. குழந்தைகளுக்கு வாங்கித் தரலாம்.

நண்பரின் வெள்ளிக் கொம்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையாகாது. அதன் ஒலி என் செம்புக் கொம்பின் ஒலியைவிடக் கூர்மையாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதற்கு உலோகம் காரணமா, ஆண்டுக்கணக்கில் பலர் ஊதித் தேய்ந்து வழவழப்பான ஊதுவாய் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊதுவாயின் வடிவத்துக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். பழைய கொம்புகளில் இலண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் தொழில் நடத்திய கோலர் அண்ட் சன் நிறுவனத்தின் முத்திரை உள்ளவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழிலை, சாட்டைகளுக்கும் குடைகளுக்கும் பெயர்பெற்ற ஸ்வெய்ன் அண்ட் அடினி நிறுவனம் வாங்கிக்கொண்டது. முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுப்பது சேகரிப்பாளருக்குப் பொருந்தும், ஊதுபவருக்கு அவசியமில்லை.

இனி, நாய்களோடு இந்தக் கொம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதைப் பார்க்காமல் இந்தப் பொருளை மதிப்பிடவே முடியாது. வேட்டைநாய்களை இங்கே ஜோடிக் கணக்கில்தான் எண்ணுவார்கள். ஒரு நாளைக்கு 15 முதல் 20 ஜோடிகள்வரை, அதாவது 30 முதல் 40 நாய்கள்வரை வெளியே கொண்டுவருவது வழக்கம். அவை மோப்பத்தைப் பிடித்துவிட்டால் குரைப்பே ஒரு கோஷமாக எழும். அந்த இரைச்சலுக்குள் மனிதக் குரல் மூழ்கிவிடும். மேலும், மோப்பத்தில் ஆழ்ந்த நாய் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை, கையசைத்துப் பயனில்லை. இந்த இரண்டு தடைகளையும் கடந்து செல்வதற்கு, நாய்களின் குரலிலிருந்து முற்றிலும் வேறான, உயர்ந்த, கூரிய ஒலி தேவைப்படுகிறது. ஆகவே, இசைக்கருவியாகப் பார்க்கும்போது குறையாகத் தோன்றிய அந்த உச்ச சுரம், வயலில் இந்தக் கொம்பின் மிகப் பெரிய பலமாக மாறுகிறது.

நான் பார்த்தது நரி வேட்டையை அன்று. மனிதரின் மோப்பத்தைப் பின்தொடரும் பிளட்ஹவுண்ட் நாய்களின் ஓட்டத்தை. ஓட்டக்காரர் ஒருவர் முன்கூட்டியே புறப்பட்டு வயல்களைக் கடந்து ஓடிவிடுவார். அவருடைய உடல் மோப்பத்தை மட்டும் வைத்து நாய்கள் பின்தொடரும். குதிரைகள் நாய்களைத் தொடரும். எந்த மோப்பப் பொருளையும் தரையில் தடவுவதில்லை. ஜனவரி மாதத்தின் உறைபனிக் காலை ஒன்றில், உழுத வயலின் மூலையில் செம்மறி ஆடுகள் கடந்துபோன இடத்தில் நாய்கள் மோப்பத்தை இழந்தன. ஹன்ட்ஸ்மன் அவசரப்படவில்லை. நாய்கள் தாமாகவே வட்டமிட்டுத் தேடட்டும் என்று குதிரையை நிறுத்திக் காத்திருந்தார். அந்த நேரத்தில் கையுறையைக் கழற்றி, கொம்பின் ஊதுவாயை உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டிருந்தார். உறைபனியில் கிடந்த உலோகத்தை அப்படியே வாயில் வைத்தால் உதடு மரத்துப்போகும் என்பதற்கான ஏற்பாடு அது. நாய்கள் தேடி முடித்துத் தயங்கி நின்றபோது, இரண்டே குறுகிய ஒலிகளை எழுப்பினார். வேலியோரத்தில் நின்ற வயதான பெண்நாய் ஒன்று முதலில் தலையை நிமிர்த்தியது. அது திரும்பிய மறுகணமே மற்றவையும் திரும்பி, நொடிப்பொழுதில் அவருடைய குதிரையின் கால்களைச் சூழ்ந்துகொண்டன. அவர் வேறு பக்கமாக அழைத்துச் சென்று விட்டதும் மோப்பம் மீண்டும் கிடைத்தது. ஓட்டத்தின் முடிவில் அந்த ஓட்டக்காரரின் முகத்தை நக்கியே நாய்கள் தம் வேட்டையை முடித்தன.

அன்று முழுவதும் அவர் கொம்பை மிகக் குறைவாகவே ஊதினார். காரணம் கேட்டபோது, தேவையில்லாமல் ஊதினால் நாய்கள் அதை மதிப்பதை விட்டுவிடும் என்றார். கொம்பு அடிக்கடி ஒலித்து, ஒவ்வொரு முறையும் வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை என்றால், உண்மையில் கூப்பிடும் நாளில் எந்த நாயும் வராது. வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: கூட்டத்தில் ஹன்ட்ஸ்மனைத் தவிர வேறு யாரும் கொம்பு ஊதக் கூடாது. பின்தொடர்ந்து செல்லும் விருந்தினர் ஒருவர் ஆர்வக்கோளாறில் தம் கொம்பை எடுத்து ஊதிவிட்டால், அது வெறும் மரியாதைக் குறைவோடு முடிந்துவிடாது. நாய்கள் அந்த ஒலியை நம்பித் திரும்பி, சாலையின் குறுக்கே ஓடிவர வாய்ப்பிருக்கிறது. வேட்டைக் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் கொம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

இந்தப் பொருளின் வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்த செய்தி, நரி வேட்டையை எதிர்ப்பவர்களும் இதே கொம்பைக் கையில் எடுத்ததுதான். 1963ஆம் ஆண்டில் டெவன் மாவட்டத்தில் தோன்றிய வேட்டை இடையூறாளர் சங்கத்தினர், வேட்டைக் குறிகளை முறையாகக் கற்றுக்கொண்டார்கள். நரியின் தடத்தைவிட்டு நாய்களை விலக்கி அழைப்பதற்காக ஹன்ட்ஸ்மனைப் போலவே கொம்பு ஊதினார்கள். மோப்பத்தை மறைக்க எலுமிச்சைப் புல் வகையின் எண்ணெயைத் தெளித்தார்கள். நாய்களின் காதைப் பொறுத்தவரை கொம்பின் பின்னால் இருக்கும் நோக்கம் தெரியாது. நன்றாக ஊதியவருக்கு அவை கீழ்ப்படிந்தன. ஒரு கருவியின் செயல்திறனுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை. போர்க்களத்திலும் இது பயன்பட்டிருக்கிறது: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்குடைப் படையின் அதிகாரி ஜான் ஃப்ராஸ்ட் தம்மிடமிருந்த செம்பு வேட்டைக் கொம்பை ஊதித் தம் வீரர்களை ஒன்றுதிரட்டினார், 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம் நகரத்தில் இறங்கியபோதும் அந்தக் கொம்பு அவருடன் இருந்தது.

நரியைத் துரத்திக் கொல்வதற்காக இந்தக் கொம்பை ஊதுவதை நான் ஏற்கவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அரசு அமைத்த பர்ன்ஸ் விசாரணைக் குழு, நாய்களால் துரத்தப்பட்டுக் கொல்லப்படுவது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்ற முடிவுக்கு 2000ஆம் ஆண்டில் வந்தது. ஸ்காட்லாந்து 2002ஆம் ஆண்டிலேயே இத்தகைய வேட்டையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2004ஆம் ஆண்டின் சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு பெரும்பாலான கூட்டங்கள் தடவேட்டைக்கு மாறின. நரியின் வாடையைத் துணியில் ஏற்றி, அதைத் தரையில் இழுத்துச் சென்று ஏற்படுத்திய தடத்தில் நாய்களை விடுவது அதன் முறை. சட்டத்துக்கு உட்பட்ட விளையாட்டு என்று அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். பழைய வேட்டைக்குப் போட்ட திரை என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். நாய்கள் நரியின் வாடையிலேயே பழகும்போது, உண்மையான நரி குறுக்கிட்டால் அவை எதைத் தேர்ந்தெடுக்கும் என்ற கேள்வி எழுவது இயல்பு. 2021ஆம் ஆண்டில், இயற்கை நிலங்களையும் பழைய மாளிகைகளையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தன் நிலங்களில் தடவேட்டைக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தியது. 2024ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் பிரிட்டனின் தொழிற்கட்சி தடவேட்டையைத் தடைசெய்வதாக வாக்குறுதி அளித்தது.

எனக்கு இந்தக் கொம்பின் சரியான இடம் பிளட்ஹவுண்ட் கூட்டங்களும், சோம்பு போன்ற வாடைப் பொருளை இழுத்துத் தடம்போடும் கூட்டங்களும்தாம். அங்கே குதிரையின் ஓட்டம் இருக்கிறது, நாய்களின் குரல் இருக்கிறது, ஹன்ட்ஸ்மனின் திறமை இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் எந்த உயிரும் விலையாகக் கொடுக்கப்படுவதில்லை. நரியின் மரணத்தை அறிவிக்கும் அந்த நடுங்கும் ஒலி ஒன்று மட்டும் அங்கே தேவைப்படாது. மற்ற எல்லாக் குறிகளும் முன்போலவே பயன்படுகின்றன.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் கொம்பு முழுக்க அந்நியமானது அன்று. உதகையில் பிரிட்டிஷ் அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வேட்டைக் கூட்டம் ஒன்றை அமைத்து, இங்கிலாந்தின் நரிக்குப் பதிலாகக் குள்ளநரியை வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகளில் துரத்தினார்கள். 1841இல் தொடங்கிய உதகை கிளப்பில் அந்த வேட்டையின் நினைவுப் பொருட்களை இன்றும் வைத்திருக்கிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று குள்ளநரியைத் துரத்துவதற்கு அங்கே இடமில்லை.

பயன்பாட்டில் நான் கண்ட குறைகளையும் பதிவுசெய்கிறேன். நிக்கல் ஊதுவாய் சிலருக்கு உதட்டில் அரிப்பை ஏற்படுத்தும். அத்தகையவர்கள் கூடுதல் விலை கொடுத்தாவது வெள்ளி ஊதுவாய் உள்ளதை வாங்க வேண்டும். கொம்புடன் தோலுறை தருவதில்லை. சேணத்தின் முன்புறத்தில் மாட்டும் தோலுறையைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது; கொம்புக்கே நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்த பிறகு அந்தச் செலவு உறுத்தவே செய்கிறது. உறையின் தையல் கொம்பின் விளிம்புப் பட்டைக்கு இடம்விட்டு அமைந்திருக்கிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ஒரு கையால் எடுக்க முடியாது. குதிரை பாய்ந்து ஓடும்போது ஊதுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஊதுவாய் பல்லில் மோதும் அபாயம் உண்டு என்று அனுபவமுள்ளவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். தரையில் நின்றபடி குறிகளை முழுவதும் பழகிக்கொண்ட பிறகே, முதலில் நடைவேகத்தில் குதிரைமேல் இருந்து ஊதிப் பாருங்கள்.

பராமரிப்பு எளிது. ஊதி முடித்ததும் கொம்பைத் தலைகீழாகப் பிடித்து உதறி, உட்புறத்தில் சேர்ந்த ஈரத்தை வெளியேற்றி, மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு தோலுறைக்குள் வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். செம்பு மங்கினால் கடையில் விற்கும் பாலிஷைவிட நம் வீட்டுப் புளியே போதும். கரைசலை வெளிப்புறத்தில் மட்டும் தேய்த்து, உடனே வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்திவிட வேண்டும். ஊதுவாயின் உட்பக்கத்தில் புளியோ பாலிஷோ படக் கூடாது. விளிம்பு நசுங்கினால் நீங்களே சுத்தியலை எடுக்காதீர்கள். பித்தளை இசைக்கருவிகளைச் செப்பனிடும் பட்டறைகளில், உள்ளே உருளையைச் செருகிப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

பழைய கொம்பு வாங்குவது செலவைக் குறைக்கும் நல்ல வழி. கிராமப்புற ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இவை அடிக்கடி கிடைக்கின்றன. நீளவாக்கிலான பற்றவைப்பு முழுவதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரிந்த முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஊதுவாய் வழியே காற்றை உறிஞ்சிப் பாருங்கள். கசிவில்லாத கொம்பு உள்ளங்கையைப் பிடித்து இழுக்கும். வெள்ளி என்று சொல்லி விற்றால், இங்கிலாந்தில் தரம் சோதித்த வெள்ளிக்கு இடும் நடக்கும் சிங்க முத்திரையைத் தேடுங்கள். அது இல்லையென்றால் பெரும்பாலும் வெள்ளி முலாம்தான், அதற்கேற்ற விலையையே கொடுங்கள். மெருகிட்டுப் புதிதுபோல் ஆக்கிய கொம்பைவிட, மங்கிய நிறமும் தேய்ந்த ஊதுவாயும் உள்ள கொம்பையே நான் தேர்ந்தெடுப்பேன். நெடுங்காலம் ஒருவர் அதை ஊதியிருக்கிறார் என்றால், அது சரியாக ஒலித்திருக்க வேண்டும்.